தீப்பிடித்த வீட்டுக்குள் எதைத் தூக்கிக்கொண்டு போவது?

தீயணைப்பு வீரர் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது தோளில் கோடாரியோடு நிற்கும் ஓர் ஆள். பூட்டிய கதவைப் பார்ப்பார், ஓங்கி வெட்டுவார், கதவு சில்லுச் சில்லாகப் பறக்கும், புகைக்குள் பாய்வார். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் கதவு திறக்கும் வேலையில் கோடாரியின் கூர்மையான பக்கத்துக்குப் பெரும்பாலும் வேலையே வராது. அதன் பின்பக்கம், அதாவது தட்டையான முதுகுதான் அங்கே உழைக்கிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாகப் பிடிபடும். ஏனென்றால் கைக்கருவிகளைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதி 'எது பலமானது', 'எது பெரியது' என்றே போகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: உள்ளே போனதும் என் வேலை என்ன? அந்த வேலைக்கு எது வேண்டும்? அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் எனக்கு ஒரு கை மிச்சமிருக்குமா?

கைக்கருவி என்று இங்கே சொல்வது மோட்டாரோ பேட்டரியோ இல்லாமல், மனித பலத்தால் மட்டும் இயங்கும் கருவிகளை. மோட்டார் ரம்பம், ஹைட்ராலிக் கத்தரி போன்றவை தனிக் கதை.

நான்கு வினைச்சொற்கள்

ஒரு தீயணைப்பு வண்டியின் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே இரும்புக்கடை மாதிரி இருக்கும். பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினால் தலை சுற்றும். அதற்குப் பதிலாக, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பாருங்கள். அடிக்கும், நெம்பும், வெட்டும், அல்லது தள்ளி இழுக்கும். அவ்வளவுதான்.

சம்மட்டி அடிக்கும். கடப்பாரை நெம்பும். கோடாரி வெட்டும். நீண்ட கழியின் நுனியில் கொக்கி வைத்த கருவி தள்ளவும் இழுக்கவும் செய்யும். சில கருவிகள் இரண்டு வேலை செய்யும், ஒன்றிரண்டு மூன்றும் செய்யும். வீட்டுத் தீக்கு எடுத்துப் போகும் கருவிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். உள்ளே போன பிறகு, 'கொஞ்சம் இருங்கள், வண்டியில் விட்டுவிட்டேன்' என்று திரும்பி வர முடியாது.

ஸ்பூனும் டப்பா மூடியும்

இறுகிப்போன டப்பா மூடியை விரலால் திறக்க முடியாது. ஸ்பூனின் காம்பை விளிம்புக்கு அடியில் செருகி அழுத்தினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். விரலில் இல்லாத பலம் ஸ்பூனுக்கு எங்கிருந்து வந்தது?

அதுதான் நெம்புகோல்: ஒரு புள்ளியில் ஊன்றிச் சுழலும் விறைப்பான கம்பி. ஊன்றிய புள்ளியிலிருந்து உங்கள் கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு மறுமுனையில் விசை பெருகும். 75 செ.மீ. நீளக் கம்பியில் ஊன்றுபுள்ளி முனையிலிருந்து 5 செ.மீ.யில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையிருக்கும் பக்கம் 70 செ.மீ., வேலை நடக்கும் பக்கம் 5 செ.மீ. ஆக விசை 14 மடங்கு. 20 கிலோ எடைக்குச் சமமாக நீங்கள் அழுத்தினால் கதவின் மீது 280 கிலோவுக்குச் சமமான அழுத்தம் விழுகிறது. உரசலில் கொஞ்சம் போகும். போனாலும் சாதாரண வீட்டுப் பூட்டு அதைத் தாங்காது.

சும்மா கிடைக்கிற பலம் இல்லை இது. உங்கள் கை 14 அங்குலம் நகர்ந்தால் கதவு ஓர் அங்குலம்தான் நகரும். அதனால்தான் நெம்பும் கருவியோடு ஒரு கேள்வியும் வருகிறது: அந்தக் கம்பியை முழுதாக வீசி இழுக்க எனக்கு இடம் இருக்கிறதா? குறுகலான நடைவழியில் சுவர் இடித்தால், நீளமான கம்பியின் லாபம் பாதியிலேயே நின்றுபோகும்.

சுருக்கமாக: அடிப்பது கருவியை இடுக்கில் நுழைப்பதற்கு, நெம்புவது திறப்பதற்கு. வெட்டுவது வேறு வழி இல்லாதபோது.

ஹாலிகன்

இந்தத் துறையில் ஒரே ஒரு கருவியின் பெயரைத்தான் நினைவில் வைப்பேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், அது ஹாலிகன் கம்பியாக இருக்கட்டும். நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த ஹியூ ஹாலிகன் 1948-இல் வடிவமைத்தது. அதற்கு முன்பு கிளா என்றும் கெல்லி என்றும் இரண்டு வகைக் கம்பிகள் புழக்கத்தில் இருந்தன. கிளா கம்பியின் முன்னோடி ஒரு வங்கிக் கொள்ளையன் விட்டுப்போன கருவி என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கதவு திறக்கும் கலையில் திருடனுக்கும் தீயணைப்பு வீரருக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான்.

ஹாலிகனின் ஒரு முனையில் கவை இருக்கும். ஆணி பிடுங்கும் சுத்தியலின் பின்பக்கம் போல இரண்டாகப் பிரிந்த, லேசாக வளைந்த முனை. மறுமுனையில் இரண்டு உறுப்புகள். ஒன்று மண்வெட்டியின் இலைபோலத் தட்டையாக, கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும். இதற்கு ஆட்ஸ் என்று பெயர். இன்னொன்று அதற்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை, கொம்பு மாதிரி. கவை கதவு இடுக்குக்கு, ஆட்ஸ் இடுக்கை அகலப்படுத்தவும் வெளிப்பக்கம் திறக்கும் கதவை இழுக்கவும், கொம்பு பூட்டு வளையங்களைப் பிளக்கவும் துளை போடவும். வழக்கமான நீளம் 30 அங்குலம், எடை ஏறக்குறைய 4 கிலோ.

இதை வாங்கும்போது ஒன்று மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஒரே துண்டு இரும்பில் அடித்துச் செய்ததா, அல்லது தலையும் கவையும் தனியாகச் செய்து ஆணியாலோ வெல்டிங்காலோ இணைத்ததா? இணைத்தது மலிவு. ஆனால் 14 மடங்கு விசை பாயும் கம்பியில் பலவீனமான இடம் அந்த இணைப்புதான். அது விடும் நேரம் நீங்கள் முழு பலத்தோடு சாய்ந்துகொண்டிருக்கும் நேரமாக இருக்கும். இரண்டாவதாகக் கவையின் நுனி. அது தடித்திருந்தால் இடுக்கில் நுழையவே நுழையாது. புதிய கம்பியாக இருந்தாலும் அரம் போட்டு நுனியை மெலிதாக்கிக்கொள்ளும் வழக்கம் பல நிலையங்களில் உண்டு.

ஒரு கதவு, கிட்டத்திலிருந்து

உட்பக்கம் திறக்கும், பூட்டிய ஒரு மரக்கதவு. முன்னால் இரண்டு பேர். ஒருவர் கையில் ஹாலிகன், இன்னொருவர் கையில் கோடாரி.

முதல் வேலை: கைப்பிடியைத் திருகிப் பார்ப்பது. சிரிக்க வேண்டாம். தாழ் போடாத கதவை இரண்டு நிமிடம் போராடி உடைத்தவர்கள் உண்டு. நானும் பயிற்சியில் ஒருமுறை செய்திருக்கிறேன். பின்னால் நின்ற பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலிருந்த அதே மாதிரிக் கதவைத் திருகித் திறந்து காட்டினார். அந்த அவமானம்தான் இன்றுவரை என் கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோகிறது.

அடுத்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கீல் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் உங்கள் பக்கம் திறக்கும். தெரியாவிட்டால் உள்ளே போகும். வீட்டு வாசல் கதவுகள் பெரும்பாலும் உள்ளே போகும். கடை, கிடங்கு, திரையரங்குக் கதவுகள் பெரும்பாலும் வெளியே வரும், கூட்டம் நெரிக்கும்போது தள்ளித் திறக்க வசதியாக. வீட்டுத் தீக்கென்று தனியாகக் கருவி யோசிப்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போது ஹாலிகன்காரர் பூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, கதவுக்கும் நிலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஆட்ஸை வைத்து மேலும் கீழுமாக அசைக்கிறார். மரம் நசுங்கி ஒரு வாய் திறக்கிறது. அந்த வாயில் கவையை வைக்கிறார். 'அடி' என்கிறார். கோடாரிக்காரர் கோடாரியின் தட்டை முதுகால் ஹாலிகனை ஒரு தட்டுத் தட்டுகிறார். ஓங்கி இல்லை, அளவாக. 'அடி.' இன்னொன்று. 'நிறுத்து.' கவை உள்ளே போகப் போக, ஹாலிகன்காரர் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவிலிருந்து விலக்கி நிமிர்த்துகிறார். இல்லாவிட்டால் கவை கதவைச் சுற்றி உள்ளே போகாமல் நிலைச்சட்டத்துக்குள் புதைந்துவிடும். நேராக ஆணி அடித்த கதைதான்.

கவை கதவின் தடிமனைத் தாண்டியதும் அடி நிற்கிறது. ஹாலிகன்காரர் கம்பியைக் கதவை நோக்கித் தள்ளுகிறார். உடல் எடை முழுதும் அதில் போகிறது. மரம் முனகும் சத்தம், பிறகு ஒரு 'படார்'.

சொல்லாமல் அடிக்கக்கூடாது என்பதுதான் இந்த இருவருக்கும் நடுவிலுள்ள ஒரே சட்டம். ஹாலிகனைப் பிடித்திருப்பவரின் விரல்கள் அடி விழும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன.

திறந்த கதவு தீக்கு மூச்சு

இங்கேதான் சினிமா நமக்குச் செய்த பெரிய கெடுதல் இருக்கிறது. கதவைத் திறந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்க வைத்துவிட்டது. உண்மையில் ஆபத்து அங்கே தொடங்குகிறது.

மூடிய வீட்டுக்குள் எரியும் தீ சீக்கிரமே காற்றுக்கு ஏங்கத் தொடங்கிவிடும். எரிபொருள் ஏராளம், ஆக்ஸிஜன் போதாது. அடுப்பு அணைவதுபோலத் தணிந்து, சூடான கரும்புகையோடு காத்திருக்கும். அந்த நேரத்தில் கதவை அகலத் திறந்தால், துருத்தி வைத்து ஊதியதுபோல. சில வேளைகளில் அறை முழுதும், தரைவிரிப்பு முதல் திரைச்சீலை வரை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அந்தக் கணத்துக்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். முழுப் பாதுகாப்பு உடை அணிந்தவரும் அதற்குள் சில விநாடிகளுக்கு மேல் பிழைப்பது அரிது.

அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் அமைப்பு இரண்டு மாதிரி அறைகளை எரித்துப் பார்த்தது. ஒன்றில் பழைய காலத்துப் பஞ்சு, மரச் சாமான்கள். இன்னொன்றில் இந்தக் காலத்து செயற்கை நுரை சோபா, செயற்கை நூல் துணிகள். பழைய அறை ஃபிளாஷ்ஓவர் ஆக 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. புதிய அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே நல்ல குழு கதவைத் திறந்தாலும், தண்ணீர் தயாராகும்வரை அதைக் கையாலோ பட்டை நாடாவாலோ பிடித்து ஒருக்களித்தே வைத்திருக்கும். வெட்டிச் சிதைத்த கதவை அப்படித் திரும்ப மூட முடியாது. கோடாரியின் கூருக்கு ஏன் வேலை குறைவு என்று இப்போது தெரிகிறதல்லவா? நெம்பித் திறந்த கதவு இன்னும் கதவாகவே இருக்கிறது. ஜன்னலை உடைப்பதும் இப்படித்தான். கையில் கருவி இருக்கிறது என்பதற்காக வழியில் பட்ட கண்ணாடியை எல்லாம் உடைப்பவர் தீக்கு உதவி செய்கிறார்.

சுருக்கமாக: கைக்கருவி என்பது வீட்டுக்குள் காற்று எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவியும்கூட.

கோடாரி: கனமா, லேசா?

ஹாலிகனோடு ஜோடி சேர்ப்பது தட்டை முதுகுக் கோடாரி. முதுகுக்குப் பதில் கூர்முனை வைத்த கோடாரியும் உண்டு, கூரை வேலைக்கு அது பயன்படும். ஆனால் அதால் ஹாலிகனை அடிக்க முடியாது. வீட்டுக்குள் போகும் ஜோடிக்குத் தட்டை முதுகுதான்.

தலையின் எடை வழக்கமாக 6 பவுண்டு அல்லது 8 பவுண்டு, அதாவது 2.7 அல்லது 3.6 கிலோ. எது நல்லது என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். கணக்கு என்ன சொல்கிறது என்றால், அடியின் ஆற்றல் எடையைப் பொறுத்து நேராகவும், வேகத்தைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் கூடும். எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும், வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். அப்படியானால் லேசானதை வேகமாக வீசுவதே லாபம், இல்லையா? வெட்டவெளியில் ஆமாம். ஆனால் மாடிப்படித் திருப்பத்தில், முதுகு சுவரில் ஒட்ட நிற்கும் ஒருவருக்கு வீச இடமில்லை. வேகம் எடுப்பதற்குள் அடி விழுந்துவிடும். அங்கே கனமான தலைக்கு மதிப்பு கூடுகிறது.

என் அபிப்பிராயம்: புதியவர் இரண்டையும் கையில் எடுத்து, முழு உடையோடும் முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டரோடும் ஒரு டயரைப் பத்து முறை அடித்துப் பார்க்கட்டும். பத்தாவது அடி முதல் அடி மாதிரியே விழுகிற கோடாரி எதுவோ, அதுதான் அவருடையது. உடற்பயிற்சிக்கூடத்தில் தூக்கிப் பார்த்து முடிவுசெய்வது வீண்.

தொரட்டி போன்ற கொக்கி

மரத்தில் எட்டாத காயைப் பறிக்கும் தொரட்டி எல்லோருக்கும் தெரியும். நீண்ட கழி, நுனியில் வளைந்த இரும்பு. தீயணைப்புக் கொக்கியும் அதே குடும்பம்தான், ஆனால் காய்க்குப் பதில் கூரைப் பலகை. எதற்கு?

தீ கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. சுவருக்குள் இருக்கும் வெற்றிடம், கூரைப் பலகைக்கு மேலே இருக்கும் வெற்றிடம், மின்கம்பி போகும் குழாய் வழி என்று நழுவிப்போகும். அறைத் தீயை அணைத்துவிட்டுக் கைகழுவிய பிறகு, ஒரு மணி நேரம் கழித்து மேல்கூரை எரியத் தொடங்கிய வீடுகள் உண்டு. அதனால் சுவரையும் கூரைப் பலகையையும் பிரித்து ஒளிந்த தீயைத் தேடுவார்கள். இதற்கு ஓவர்ஹால் என்று பெயர். முழுக்கக் கான்கிரீட்டால் ஆன கூரையில் கொக்கிக்கு வேலை இல்லை. அதற்குக் கீழே ஜிப்சம் பலகையில் பொய்க்கூரை தொங்கினால் வேலை உண்டு.

நீளத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். நீளம் கூடினால் நல்லது என்று தோன்றும். ஆனால் சாதாரண வீட்டில் கூரை எட்டிலிருந்து பத்தடி உயரம். பத்தடிக் கொக்கியை எட்டடி அறைக்குள் நிமிர்த்தவே முடியாது, படிக்கட்டில் திருப்பவும் முடியாது. மூன்றடிக் கொக்கியோ, நீங்கள் பிரிக்கும் பலகைக்குச் சரியாக நேர் கீழே உங்களை நிறுத்திவிடும், கைகளும் தலைக்கு மேலே தொங்கி நிமிடத்தில் சோர்ந்துவிடும். ஆறடிக் கொக்கி வீடுகளுக்குப் பொதுவாகப் பொருந்துகிறது. ஓரடி ஈரடி தள்ளி நின்று சாய்வாகக் குத்தலாம், விழுவது தலையில் விழாது. உயரமான கூரை கொண்ட கடைகளுக்கும் கூடங்களுக்கும்தான் நீளமானது.

குத்தி, திருப்பி, இழுக்க வேண்டும். நிற்கும் இடம் எப்போதும் வாசல் பக்கம், முதுகு வெளியேறும் வழியை நோக்கி. அறையின் நடுவில் போய் நின்று இழுத்தால், விழுகிற கூரை உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் விழும். அறைக்குள் போகுமுன் வாசலருகே ஒரு சிறு துளை போட்டுத் தலைக்கு மேலே தீ ஓடுகிறதா என்று பார்ப்பதும் கொக்கியின் வேலைதான். இந்தச் சின்னத் துளையைச் சோம்பலில் விட்டவர்களுக்குத் தீ முதுகுப் பக்கமாக இறங்கியிருக்கிறது.

யார் எதை எடுப்பது

ஒருவரே எல்லாவற்றையும் எடுக்க முடியாது. பாதுகாப்பு உடையும், பி.ஏ. செட் என்று நிலையங்களில் சொல்லும் மூச்சுக் கருவியும் சேர்ந்தே 20 கிலோவுக்கு மேல் போய்விடும். ஹாலிகனும் கோடாரியும் இன்னும் 7 கிலோவுக்கு மேல். எடை கூடினால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். 30 நிமிடம் என்று எழுதிய சிலிண்டர் கடின உழைப்பில் அவ்வளவு நேரம் வராது. ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் காற்றில் விலை கொடுக்கிறோம்.

அதனால் வண்டியில் உட்காரும் இடத்தை வைத்தே கருவியைப் பிரிக்கும் முறை வந்தது. நியூயார்க்கின் ஏணி வண்டிக் குழுக்களில் இது மிகத் தெளிவு. ஒருவர் 'அயர்ன்ஸ்', அதாவது ஹாலிகனும் கோடாரியும். இன்னொருவர் 'கேன்', அதாவது சுமார் 9.5 லிட்டர் தண்ணீர் கொண்ட அழுத்தக் கலனும் ஆறடிக் கொக்கியும். கூரைக்கு ஒருவர், வெளிப்பக்க ஜன்னலுக்கு ஒருவர், அவரவருக்கு வேறு ஜோடி. மணி அடிக்கும்போது யாரும் 'நான் எதை எடுக்க?' என்று யோசிப்பதில்லை, இருக்கையிலேயே பதில் எழுதியிருக்கிறது.

சிறிய ஊர்களில் ஆறு பேர் வருவதில்லை, மூன்று பேர்தான் வருகிறார்கள். அங்கே இந்த அட்டவணையை அப்படியே நகல் எடுப்பது பயன் தராது. ஆனால் தத்துவம் ஒன்றே: இரண்டு பேர் உள்ளே போனால், அவர்கள் இருவரிடமும் சேர்த்து நான்கு வினைச்சொற்களும் இருக்க வேண்டும். இருவரும் கோடாரியே எடுத்து வந்தால் நெம்ப ஆளில்லை. ஹோஸ் பிடிப்பவருக்கு ஏற்கெனவே இரண்டு கையும் வேலை, அவர் இடுப்புப் பட்டையில் ஒரு சிறு கருவி போதும்.

சுமப்பது ஒரு தனித் திறமை

புகை நிறைந்த அறையில் நிற்க முடியாது, முழங்காலிட்டு நகர வேண்டும். ஒரு கை சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும், அதுதான் திரும்பி வரும் வழி. ஆக, கருவிக்கு மிச்சம் ஒரு கைதான். இரண்டு கருவி எடுத்தால் அந்த ஒரு கைக்குள் இரண்டும் அடங்க வேண்டும்.

ஹாலிகனும் தட்டை முதுகுக் கோடாரியும் ஜோடி சேர்வதற்கு இன்னொரு காரணம் இது. ஹாலிகனின் கவையைக் கோடாரியின் தலையில் செருகினால் இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே கட்டாகிவிடும். சரியாக அமையும்படி சிலர் கோடாரியில் ஒரு சிறு பள்ளம் அரைத்துக்கொள்வார்கள். சிலர் தோள்பட்டை வார் மாட்டுவார்கள். வாரின் ஆபத்து, அது தொங்கும் கம்பியிலோ கட்டில் காலிலோ சிக்கும். சிக்கினால் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்று கண்ணை மூடிக்கொண்டு பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நகரும்போது கருவியைத் தூக்கக்கூடாது, தரையில் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். கை அதன் மேலேயே இருக்கட்டும். ஒருமுறை முகமூடியை மறைத்துப் பயிற்சி செய்தபோது கொக்கியைக் 'கொஞ்சம்' கீழே வைத்தேன். பிறகு நான்கு புறமும் துழாவியும் கிடைக்கவில்லை. விளக்கைப் போட்டபோது அது என் முழங்காலுக்கு ஓரடி தள்ளிக் கிடந்தது. கீழே வைத்த கருவி தொலைந்த கருவி.

கையில் இருக்கும் கருவி கையின் நீட்சியாகவும் உதவும். முன்னால் நீட்டித் தரையைத் தட்டி, தரை இருக்கிறதா, படிக்கட்டுப் பள்ளமா என்று பார்க்கலாம். தட்டும்போது உறுதியாகத் தெரிந்த தரை அடுத்த நிமிடம் உறுதியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெல்லிய பலகை ஒட்டிச் செய்த இக்கால உத்திரங்கள் கீழே தீ பட்டதும் முன்னறிவிப்பே இல்லாமல் விட்டுவிடும். கட்டிலுக்கு அடியில் ஆள் தேடும்போது கருவியைத் திருப்பி, பிடிப்பக்கத்தை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். அங்கே ஒளிந்திருக்கும் குழந்தையின் மேல் முதலில் படுவது கொம்பாக இருக்கக்கூடாது.

வெளியே நடக்கும்போது கொக்கியின் இரும்பு முன்னால், தாழ்வாக. தோளில் சாய்த்தால் பின்னால் வருபவரின் கண்ணும் மேலே போகும் மின்கம்பியும் இரண்டும் ஆபத்தில். கண்ணாடியிழைக் கழி மின்சாரம் கடத்தாது என்பதை நம்பி மின்கம்பி அருகே போகவும் கூடாது. ஈரமும் கரியும் படிந்த கழி பழைய கழி அல்ல.

பாக்கெட்டில் என்ன

பெரிய கருவிகள் பேசப்படும் அளவுக்கு இவை பேசப்படுவதில்லை. ஆனால் உயிரைக் காப்பாற்றியதில் இவற்றின் பங்கு குறைவில்லை. இரண்டு மூன்று மர ஆப்புகள்: திறந்த கதவு பின்னால் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளாமல், கீல் பக்கம் செருக. ஒரு கம்பி வெட்டி: கூரை சரிந்தால் தொங்கும் ஒயர்கள் சிலிண்டரில் சிக்கும், அதை அறுக்க. சில மீட்டர் பட்டை நாடா: கதவைப் பிடித்து வைக்கவோ, ஆளை இழுக்கவோ. ஒரு டார்ச், அதுவும் உடையில் மாட்டியது.

எது எந்தப் பாக்கெட் என்பது மாறவே கூடாது. சோதனை எளிது: தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கம்பி வெட்டியை எடுங்கள். முதல் முயற்சியில் வெளியே வரவில்லை என்றால் அது தவறான பாக்கெட். பத்து சாமான் திணித்த பாக்கெட்டில் பதினோராவது சாமான் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

திரும்பி வந்த பிறகு

கருவியைக் கழுவித் துடைத்து, கவையின் நுனியில் முறுக்கல் இருந்தால் அரத்தால் சரிசெய்ய வேண்டும். கோடாரியின் வாயைச் சவரக்கத்தி மாதிரி தீட்டக்கூடாது, ஆணியில் பட்டதும் பெயர்ந்துவிடும். மரக்காம்புக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாது, விரிசலை மறைத்துவிடும். மணல்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும், பிடியும் வழுக்காது.

எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு உண்டாக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். தீயணைப்பு நிலையத்திலேயே தீப்பிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அந்த நிலையத்தில் யாரும் பதில் சொல்ல விரும்பமாட்டார்கள்.